தீர்க்கதரிசனமும் சதிக்கோட்பாடும் கலக்கும் இடம்: ஓர் எளிய விளக்கம்

உலகின் ஏதோ ஒரு பகுதியில் பெரிய அசம்பாவிதம் நடந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் இணையத்தில் இரண்டு விதமான விளக்கங்கள் பரவத் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, நடந்தது தற்செயல் அல்ல, யாரோ திரைமறைவில் திட்டமிட்டு நடத்தியது என்கிறது. மற்றொன்று, இது வேதாகமத்தில் முன்பே சொல்லப்பட்டது, கடைசி காலத்தின் அடையாளம் என்கிறது. முதல் கூற்று மனிதர்களின் செயலைப் பற்றியது. இரண்டாவது கடவுளின் திட்டத்தைப் பற்றியது. ஆயினும் இணையக் குழுக்களில் இவை பெரும்பாலும் ஒரே செய்தியாக, ஒரே காணொளியாகச் சேர்ந்து வருகின்றன. அப்படிச் சேரும்போது என்ன நடக்கிறது, அந்தச் சேர்க்கைக்கு ஏன் இவ்வளவு பலம் இருக்கிறது, அதை எப்படி நிதானமாகச் சோதிப்பது என்பதை இப்பொருளுக்குப் புதியவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது. விசுவாசத்தைக் குறை சொல்வது இதன் நோக்கம் அன்று. தீர்க்கதரிசன நூல்களை உயர்வாக மதிப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மற்ற எவரையும்விட அவசரமானது என்று நான் கருதுகிறேன்.

சந்தேகம் எங்கே நியாயமானது

முதலில் சந்தேகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் கூடிச் சதி செய்ததும், அதைப் பல ஆண்டுகள் மறைத்ததும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 1932 முதல் 1972 வரை அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வை நடத்தியது. சிஃபிலிஸ் நோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்கு, அவர்களுடைய நோய் இன்னதென்று சொல்லாமலும், 1940களில் பென்சிலின் நல்ல மருந்தாக நிலைபெற்ற பிறகும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று அந்தத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. இதை அறிந்த ஒருவர் அரசு நிறுவனங்களை அதன் பிறகும் அப்படியே நம்பாமல் போனால் அவரைக் குறை கூற முடியாது.

ஆனால் டஸ்கிகீ எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே துறையில் பணிபுரிந்த ஒருவர் உள்ளுக்குள் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்து, பலன் கிடைக்காமல், ஆவணங்களைச் செய்தியாளரிடம் கொடுத்தார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் அதை வெளியிட்டது. பின்னர் விசாரணை நடந்தது, வழக்கு நடந்தது, 1997இல் அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கேட்டார். இந்தச் சதிக்கு ஒரு பெயர் உள்ள துறை இருந்தது, வரையறை இருந்தது, கோப்புகள் இருந்தன. அந்தக் கோப்புகள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் குற்றச்சாட்டு விழுந்திருக்கும்.

சதிக்கோட்பாடு என்று நாம் சொல்வது இதிலிருந்து வேறானது. அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் பார்க்கன் அதன் அடிப்படை நம்பிக்கைகளை மூன்றாகக் காட்டினார்: தற்செயலாக எதுவும் நடப்பதில்லை, வெளியில் தெரிவது எதுவும் உண்மையில் அப்படி இல்லை, எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையது. இந்த மூன்றையும் ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு எந்தச் சான்றும் அவருடைய முடிவை அசைக்க முடியாது. ஆதாரம் கிடைத்தால் சதி நிரூபணமாகிறது. ஆதாரம் கிடைக்காவிட்டால் அது எவ்வளவு திறமையாக மறைக்கப்பட்டிருக்கிறது என்பது நிரூபணமாகிறது. மறுப்பவர் அறியாதவர் ஆகிறார், அல்லது சதியில் பங்கு உள்ளவர் ஆகிறார். டஸ்கிகீயைப் பற்றிய சந்தேகம் பொய்யென்று நிரூபணமாகக்கூடிய சந்தேகம். பார்க்கன் விவரிக்கும் சந்தேகத்துக்கு அந்த வாசல் இல்லை.

மனம் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பெரிய விளைவுக்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்று நாம் இயல்பாகவே எதிர்பார்க்கிறோம். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, தனி ஒருவன், ஒரு துப்பாக்கி என்ற விளக்கம் கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த இழப்பின் அளவுக்குப் பொருந்தவில்லை, இன்றுவரை பொருந்தவில்லை. தொடர்பில்லாத விவரங்களில் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதும் மனத்தின் பழைய வழக்கமே. அந்த வழக்கம் இல்லாவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம். ஆகவே இத்தகைய நம்பிக்கைகளில் சிக்குபவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. நன்றாகப் படித்தவர்களும் நுட்பமாகக் கவனிப்பவர்களும் இதில் ஏராளமாக உண்டு.

தீர்க்கதரிசன நூல் எப்படிப்பட்ட நூல்

கடைசி காலம் பற்றிய இணைய விவாதங்கள் பெரும்பாலும் சில பகுதிகளையே சுற்றி வருகின்றன: பழைய ஏற்பாட்டில் தானியேல், எசேக்கியேல், புதிய ஏற்பாட்டில் மத்தேயு 24ஆம் அதிகாரம், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட நிருபங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிப்படுத்தின விசேஷம். இவற்றில் தானியேலின் பிற்பகுதியும் வெளிப்படுத்தின விசேஷமும் தரிசன இலக்கியம் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக, அவர்களுக்கு விளங்கும் உருவகங்களில், பேரரசுகள் நிலைக்காது, கடவுளின் நீதியே நிலைக்கும் என்று சொல்லும் எழுத்து அது. மிருகங்கள், கொம்புகள், முத்திரைகள், எக்காளங்கள், எண்கள் எல்லாம் அந்த வகையின் மொழி.

வெளிப்படுத்தின விசேஷம் ஒரு கடிதம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யோவான் என்பவர் பத்மு தீவிலிருந்து ஆசியா மாகாணத்தின் 7 சபைகளுக்கு அதை எழுதினார்: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. இவை எல்லாம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த உண்மையான ஊர்கள். ரோமப் பேரரசன் தொமித்தியானின் ஆட்சியின் இறுதியில், கி.பி. 95 வாக்கில் இது எழுதப்பட்டது என்பது அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. முதல் வாசகர்கள் அந்த ஊர்களில் கூடி அமர்ந்து, ஒருவர் வாசிக்கக் கேட்டவர்கள். ஆகவே இந்த நூலிலுள்ள எந்த உருவகத்துக்கும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சர்தை ஊரில் அமர்ந்து இதைக் கேட்டவருக்கு இது என்னவாக விளங்கியிருக்கும் என்பதுதான்.

உதாரணமாக, எல்லோரும் அறிந்த 666 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், "அந்த மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன், அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது" என்கிறது. அக்காலத்தில் எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. ஒரு பெயரின் எழுத்துகளைக் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கத்தில் இருந்தது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை, கிரேக்க ஒலிப்பின்படி 'நெரோன் கேசர்' என்று எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டுத்தொகை 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த எண் 616 என்று காணப்படுகிறது. லத்தீன் ஒலிப்பின்படி 'நெரோ' என்று எழுதினால் இறுதி நூன் விழுந்துவிடும், 50 குறையும், கிடைப்பது சரியாக 616. ஒரே விளக்கம் இரண்டு வாசிப்புகளையும் தெளிவாக்குவதால்தான் அறிஞர்கள் பலர் நீரோவையே ஏற்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, 2ஆம் நூற்றாண்டிலேயே லீயோன் நகரப் பேராயர் இரேனேயு, 666க்குப் பொருந்தக்கூடிய பெயர்கள் பல இருக்கின்றன என்று சிலவற்றைக் கூட்டிக் காட்டிவிட்டு, இன்னார்தான் என்று உறுதியாகச் சொல்வது ஆபத்து என்று எச்சரித்தார். இன்றைய விவாதங்கள் பலவற்றில் இல்லாத நிதானம் அவரிடம் இருந்தது.

அதே அதிகாரத்தில் வரும் முத்திரையையும் பாருங்கள். வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் கூடாது என்று சொல்லப்படுகிறது. இந்த வசனத்தைத் தனியே எடுத்துத் தொழில்நுட்பச் செய்திகளோடு பொருத்துபவர்கள், பெரும்பாலும் அடுத்த அதிகாரத்தை வாசிப்பதில்லை. அதிகாரப் பிரிவைக் கடந்து 14:1க்குச் சென்றால், ஆட்டுக்குட்டியானவரோடு, அதாவது கிறிஸ்துவோடு, நிற்கும் 1,44,000 பேரின் நெற்றிகளில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. இது பச்சை குத்திய எழுத்து என்றோ தோலுக்கடியில் பதித்த கருவி என்றோ யாரும் சொல்வதில்லை. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் கடவுளின் கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் அடையாளமாகக் கட்டிக்கொள்ளும்படி இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டதை அறிந்த வாசகர்களுக்கு, கையும் நெற்றியும் எதைக் குறிக்கின்றன என்று விளங்கியிருக்கும்: ஒருவரின் செயலும் சிந்தனையும் யாருக்குச் சொந்தம் என்பதை. இரண்டு முத்திரைகளும் எதிரெதிரே வைக்கப்பட்ட ஒரு ஜோடி. ஒன்றை நேர்ப்பொருளில் எடுத்து, மற்றொன்றை உருவகமாக விடுவதற்கு நூலில் எந்த ஆதாரமும் இல்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தை வாசிக்கும் முறைகள் திருச்சபை மரபில் பொதுவாக நான்காகச் சொல்லப்படுகின்றன. முதல் நூற்றாண்டிலேயே பெரும்பாலானவை நிறைவேறிவிட்டன என்பது ஒன்று. சபை வரலாறு முழுவதையும் அது வரிசையாகச் சொல்கிறது என்பது இரண்டாவது. இனி வரப்போகும் குறுகிய உபத்திரவ காலத்தைப் பற்றியது என்பது மூன்றாவது. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் நன்மை தீமைப் போராட்டத்தின் சித்திரம் என்பது நான்காவது. இணையத்தில் ஓங்கி ஒலிப்பது மூன்றாவது முறைதான். 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் வகுத்த அமைப்பும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமமும் அதைப் பரவலாக்கின. சபை இரகசியமாகப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், பிறகு 7 ஆண்டு உபத்திரவம், பிறகு கிறிஸ்துவின் வருகை என்று பலர் அறிந்திருக்கும் வரிசை அங்கிருந்து வருகிறது. அதை நம்புகிறவர்கள் நேர்மையான விசுவாசிகளே. ஆயினும், அது பல வாசிப்புகளில் ஒன்று என்ற செய்தியையாவது ஒரு புதிய வாசகர் அறிந்திருக்க வேண்டும். கிறிஸ்துவின் எதிரியைக் குறிக்கும் அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓர் இடத்தில்கூட வருவதில்லை, யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டுமே வருகிறது, அங்கும் 'அநேக அந்திக்கிறிஸ்துகள்' என்று பன்மையில் பேசப்படுகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டும் எப்படிப் பிணைகின்றன

தீர்க்கதரிசனத்தை நம்புபவரும் சதியைச் சந்தேகிப்பவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: கண்ணுக்குத் தெரியும் நிகழ்வுகளுக்குப் பின்னால் தெரியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த ஒற்றுமையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது எளிதாகிறது. தாவிய பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று பலம் கொடுக்கின்றன. சதி பற்றிய ஊகத்துக்கு வேதவசனத்தின் அதிகாரம் கிடைக்கிறது. அதை மறுப்பது வேதத்தை மறுப்பதாகத் தோன்றத் தொடங்குகிறது. வசனத்துக்கு அன்றைய செய்தியின் பரபரப்பு கிடைக்கிறது. பழைய நூல் திடீரென்று இன்று காலை எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது.

இது இணையத்தோடு பிறந்த பழக்கம் அன்று. பவேரியாவில் 1776இல் ஆடம் வைஸ்ஹாப்ட் தொடங்கிய இல்லுமினாட்டி என்ற இரகசியச் சங்கம், பத்தாண்டுகளுக்குள் அரசாணைகளால் ஒடுக்கப்பட்டு மறைந்துபோனது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்கு அதுவே காரணம் என்ற கருத்து பரவி, 1798இல் அமெரிக்காவின் போதகர்கள் சிலர் அதை மேடையேற்றினார்கள். யேல் கல்லூரியின் தலைவராக இருந்த திமோத்தி டுவைட், அவ்வாண்டு ஜூலை 4ஆம் தேதி வெளிப்படுத்தின விசேஷம் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தபோது, அந்த அதிகாரத்தின் அசுத்த ஆவிகளையும் ஐரோப்பிய இரகசியச் சங்கங்களையும் ஒரே வரிசையில் வைத்தார். இல்லாமல் போன ஒரு சங்கம் அன்றிலிருந்து இன்றுவரை பெயரளவில் உயிரோடு இருக்கிறது.

இதைவிடத் துயரமான உதாரணம் ஒன்று உண்டு. யூதர்கள் உலகை ஆள இரகசியத் திட்டம் தீட்டுவதாகச் சித்திரிக்கும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணம் 1903இல் ரஷ்யாவில் அச்சேறியது. 1905இல் செர்கேய் நீலுஸ் என்ற ரஷ்ய எழுத்தாளர், அந்திக்கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்று வாதிட்ட தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்த்தார். தீர்க்கதரிசனத்தின் உறைக்குள் பொய் ஆவணம் பயணம் செய்தது. 1921இல் லண்டனின் டைம்ஸ் நாளிதழ், அதன் பல பகுதிகள் 1864இல் மோரிஸ் ஜோலி பிரெஞ்சு மன்னன் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய நூலிலிருந்து எடுத்து மாற்றியவை என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டியது. அந்த நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை. இருந்தும் நாஜிகள் அந்தப் போலியைப் பரப்பினார்கள். விளைவு எல்லோரும் அறிந்ததே. இன்றைய கடைசி காலச் சதிக்கதைகளில் 'உலகை இயக்கும் வங்கிக் குடும்பங்கள்', 'மறைந்திருந்து ஆளும் சிலர்' என்று வரும் பாத்திரங்கள் பல இந்தப் போலியின் வாரிசுகள். அவற்றைப் பகிர்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2020 மார்ச் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று வெளியிடப்பட்டது. அதன் எண் டபிள்யூஓ 2020 060606. உடலின் இயக்கத்தை அளந்து, அதன் அடிப்படையில் கிரிப்டோ நாணயம் வழங்கும் ஒரு முறையை அது விவரிக்கிறது. கொரோனா தொற்றின் அச்சம் உச்சத்தில் இருந்த மாதங்களில் இந்த எண் உலகெங்கும் சுற்றியது: டபிள்யூஓ என்றால் புதிய உலக ஒழுங்கு, 060606 என்றால் 666, உடலின் இயக்கம் என்றால் தோலுக்கடியில் வைக்கும் சில்லு, நாணயம் என்றால் வாங்கவும் விற்கவும் முடியாத நிலை, தடுப்பூசி என்றால் முத்திரை. எல்லாம் ஒரே இடத்தில் வந்து பொருந்தியதாகத் தோன்றியது.

ஒவ்வொன்றாகப் பிரித்தால் என்ன கிடைக்கிறது? டபிள்யூஓ என்பது உலக அறிவுசார் சொத்து அமைப்பு வெளியிடும் எல்லா விண்ணப்பங்களின் முன்னாலும் வரும் குறி. 2020 என்பது ஆண்டு. 060606 என்பது அந்த ஆண்டின் வரிசை எண். அண்மை ஆண்டுகளில் இத்தகைய விண்ணப்பங்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வருகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் 060606 என்ற எண் யாரோ ஒருவருக்குக் கிடைக்கும் நிலையில்தான் இருக்கிறது. மற்ற ஆண்டுகளில் அந்த எண் எதற்குக் கிடைத்தது என்று அந்தக் காணொளிகளைப் பகிர்ந்தவர்கள் தேடிப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் பேசப்படுவது உடலில் அணியும் அல்லது அருகில் இருக்கும் உணரிகளைப் பற்றியது; தடுப்பூசியைப் பற்றியோ தோலுக்கடியில் சில்லு பதிப்பதைப் பற்றியோ அதில் இல்லை. அது 2019இலேயே, தொற்று தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டது. அதோடு, வெளிப்படுத்தின விசேஷத்தின் எண் அறுநூற்று அறுபத்தாறு என்ற ஒரு தொகையே தவிர, வரிசையாக நிற்கும் மூன்று ஆறுகள் அன்று. கிரேக்க மூலத்தில் அது அறுநூறு, அறுபது, ஆறு என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்று நாம் எழுதும் இலக்க முறை அன்றைய ஆசியா மாகாணத்தில் புழக்கத்தில் இல்லை.

இதே பாதையில் முன்பும் பல பொருள்கள் நடந்திருக்கின்றன. 1974இல் கடைகளுக்கு வந்த பார்கோடின் இரு ஓரங்களிலும் நடுவிலும் இருக்கும் காவல் கோடுகள் 6 என்ற இலக்கத்தின் கோடுகளைப் போல இருப்பதால் அதுவே முத்திரை என்றார்கள். கருவி அந்தக் கோடுகளை இலக்கமாகவே வாசிப்பதில்லை. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் நிலவும் நட்சத்திரங்களும் கொண்ட சின்னத்தில் 666 ஒளிந்திருப்பதாக எழுந்த வதந்தி ஓயாததால், 1985இல் அந்நிறுவனம் தன் பொருள்களிலிருந்து அதை அகற்ற முடிவு செய்தது. போப்பாண்டவர், நெப்போலியன், முசோலினி, ஹிட்லர், ரீகன், கோர்பச்சேவ் என்று மிருகத்தின் பெயரைச் சுமந்தவர்களின் பட்டியலும் நீளமானது. ஒவ்வொரு முறையும் பொருத்தம் ஐயத்துக்கு இடமில்லாததாகத் தோன்றியது. பட்டியலை முழுதாகப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்த உறுதியின் மதிப்பு எவ்வளவு என்று தெரியும்.

நாள் குறிக்கும்போது

சதிக்கதை பொதுவாகத் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. நாள் குறித்தல் மட்டும் விதிவிலக்கு. அங்கே காலண்டரே நீதிபதி ஆகிவிடுகிறது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி நேர்மையும் உழைப்பும் கொண்டவர். தானியேல் 8:14இல் வரும் 2300 இராப்பகலை, ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்ற விதிப்படி 2300 ஆண்டுகளாகக் கொண்டார். அந்த விதிக்கு எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய வசனங்கள் ஆதாரமாகக் காட்டப்பட்டன. பாரசீக அரசன் அர்தசஷ்டா எருசலேம் பற்றிக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1843 வாக்கில் நிகழும் என்று முடிவு செய்தார். 1844 வசந்தத்தில் அவர் வகுத்த எல்லை கடந்தது. பிறகு அவரைப் பின்பற்றியவர்களில் ஒருவர் 1844 அக்டோபர் 22 என்று திருத்தினார். பலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு நடந்ததுதான் கற்றுக்கொள்ளத்தக்கது. பலர் கலைந்து போனார்கள். சிலர் புதிய நாள்களைக் குறித்தார்கள். சிலர், கணக்கு சரிதான், ஆனால் அந்த நாளில் நடந்தது பூமியில் அன்று, பரலோக ஆலயத்தில் நடந்த ஒரு செயல் என்ற விளக்கத்துக்கு வந்தார்கள். செவந்த்-டே அட்வென்டிஸ்ட் திருச்சபை இந்தப் பிரிவிலிருந்து வளர்ந்தது, அது பின்னர் நாள் குறிக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. 2011இல் கலிஃபோர்னியாவின் வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங், மே 21 அன்று நியாயத்தீர்ப்பு தொடங்கும் என்று உலகெங்கும் விளம்பரப் பலகைகள் வைத்தார். அந்த நாள் அமைதியாகக் கடந்ததும், தீர்ப்பு ஆவிக்குரிய முறையில் வந்துவிட்டது, உலகின் முடிவு அக்டோபர் 21 அன்று என்றார். கண்ணுக்குத் தெரிய வேண்டிய நிகழ்வு, நாள் கடந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நிகழ்வாக மாறிவிடுவது ஒரு பழகிய வழி. சிலர் தங்கள் சேமிப்பு முழுவதையும் அந்த விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, இது வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போகும் விஷயம் அன்று என்பது விளங்கும்.

குழு என்ன கொடுக்கிறது

ஆதாரங்கள் விழுந்த பிறகும் மக்கள் ஏன் தங்கிவிடுகிறார்கள்? பெரும்பாலும் அவர்கள் அங்கே கண்டது வெறும் கருத்தை மட்டும் அன்று. 2017 அக்டோபரில் 'க்யூ' என்ற பெயரில் ஒருவர் இணையப் பலகை ஒன்றில் பூடகமான சிறு குறிப்புகளை இடத் தொடங்கினார். 2020 டிசம்பர் வரை ஏறத்தாழ 5,000 குறிப்புகள் வந்தன. முதல் குறிப்பே அமெரிக்க அரசியல்வாதி ஹிலரி கிளின்டன் சில நாள்களில் கைது செய்யப்படுவார் என்று சொன்னது, அது நடக்கவில்லை. ஆனால் குறிப்புகள் முழு விடையைத் தருவதில்லை. கேள்விகளாக வந்தன, விடையை வாசகர்களே தேடி இணைக்க வேண்டியிருந்தது. 'நீங்களே ஆராயுங்கள்' என்பது அங்கே மந்திரம் போல் ஒலித்தது. தானே தேடிக் கண்டுபிடித்ததை மனிதர் எளிதில் விடுவதில்லை. தீமையோடு போரிட விசுவாசி அணிய வேண்டிய சர்வாயுத வர்க்கம் பற்றிய எபேசியர் 6ஆம் அதிகாரப் பகுதி அந்தக் குறிப்புகளில் எடுத்தாளப்பட்டபோது, அரசியல் வதந்தி ஒன்று ஆவிக்குரிய யுத்தமாக உருமாறியது. வீட்டில் தனியே அமர்ந்திருந்தவர், நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போரில் தாமும் ஒரு வீரர் என்று உணர்ந்தார்.

இத்தகைய குழுக்களில் புதிய தொடர்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. ஒரு தொடர்பு தவறு என்று காட்டுபவருக்குக் கிடைப்பது சந்தேகப் பார்வை. இப்படி ஒரு பக்கமாக மட்டுமே நகரும் பேச்சு, காலப்போக்கில் தீவிரமாகாமல் இருக்க முடியாது. பரபரப்பானதை முன்னே தள்ளும் தளங்களின் கணக்கீட்டு முறையும் இதற்குத் துணை செய்கிறது. தனிமை, வேலை இழப்பு, நோய், அன்புக்குரியவரின் மரணம் போன்றவற்றால் தளர்ந்திருப்பவருக்கு, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, முடிவு நெருங்கிவிட்டது, நீ தெரிந்தெடுக்கப்பட்டவன் என்ற செய்தி பெரிய ஆறுதல். அந்த ஆறுதலுக்கான தேவை உண்மையானது. அதை மதிக்காமல் வாதத்தை மட்டும் உடைப்பவர் அவரை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிடுவார்.

வேதம் தானே வைத்திருக்கும் தடை

நாள் குறிப்பதையும் வதந்தியால் கலங்குவதையும் வேதாகமம் பல இடங்களில் நேரடியாகத் தடுக்கிறது என்பது, இந்த விவாதங்களில் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாகவே பேசப்படுகிறது. மத்தேயு 24:36, "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்கிறது. அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம், யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் குறித்துச் சொல்லிவிட்டு, கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், முடிவு உடனே வராது என்கிறது. செய்திகளை முடிவின் அடையாளமாகக் காட்டுபவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் வசனமே, அந்தச் செய்திகளைக் கேட்டுக் கலங்க வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதப்பட்டது. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று அந்த நிருபத்தை எழுதியவர்களிடமிருந்தே வந்ததுபோல் தோன்றும் கடிதம் ஒன்று வந்தால்கூட நம்ப வேண்டாம் என்கிறது. போலிச் செய்தி பற்றிய எச்சரிக்கை முதல் நூற்றாண்டிலேயே தேவைப்பட்டிருக்கிறது. ஏசாயா 8:12, மக்கள் சதி என்று சொல்வதையெல்லாம் நீங்களும் சதி என்று சொல்ல வேண்டாம், அவர்கள் அஞ்சுவதற்கு நீங்கள் அஞ்ச வேண்டாம் என்கிறது.

ஆகவே ஒரு விளக்கத்தை எதிர்கொள்ளும்போது, விசுவாசத்தை விட்டு வெளியே வராமலே கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. அந்த வசனத்தின் முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களை வாசித்தார்களா? முதல் வாசகர்களுக்கு அது எதையாவது சொல்லியிருக்குமா, அல்லது 19 நூற்றாண்டுகள் யாருக்கும் பொருளில்லாமல் கிடந்து இன்றைய செய்திக்காக மட்டும் காத்திருந்ததா? இதே வசனம் முன்பு யார்மேல் பொருத்தப்பட்டது, அது என்ன ஆயிற்று? இந்த விளக்கம் தவறு என்று காட்ட எது நடக்க வேண்டும்? ஒரு மனிதர்மேலோ இனத்தின்மேலோ குற்றம் சுமத்தப்பட்டிருந்தால், 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளையின்முன் அது நிற்குமா? கடைசிக் கேள்வியே எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. ஏனென்றால் பகிர்வதற்குச் சில நொடிகளே போதும். பெயர் கெட்டவருக்கோ அது வாழ்நாள் முழுதும் தொடரும்.

நெருங்கிய ஒருவர் இந்த நம்பிக்கைகளில் மூழ்கியிருந்தால், ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் மறுக்க முயல்வது பலன் தராது. வெளிப்படுத்தின விசேஷம் 13, 14 ஆகிய இரண்டு அதிகாரங்களை அவரோடு சேர்ந்து இடைநிறுத்தாமல் வாசிப்பது பலன் தரும். அவர் எதிர்பார்க்கும் நிகழ்வு எது, எந்த நாளுக்குள், எப்படி நடந்தால் அது நடந்ததாகக் கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல்வதும் பலன் தரும். நாள் கடந்த பிறகு பொருளை மாற்றும் வழி அப்போது அடைபடுகிறது. வெற்றி பெற்ற தொனியில் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக் காட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

சபையில் பிரசங்கிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலான பொறுப்பு உண்டு. கேம்பிங் 2012 மார்ச்சில், தம் 90ஆவது வயதில், நாள் குறித்தது பாவம் என்றும், அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார் என்ற வசனத்தைக் கொண்டு தம்மை எச்சரித்தவர்கள் சரியாகச் சொன்னார்கள் என்றும் தம் நேயர்களுக்கு எழுதினார். தாமதமாக வந்தாலும், தவறான நாளை அறிவித்த அதே ஊழியத்தின் பெயரில், அதே மக்களுக்கு அவர் அதை எழுதினார். ஒரு தடுப்பூசியையோ ஒரு தலைவரையோ ஓர் இனத்தையோ மிருகத்தின் பெயரால் மேடையிலிருந்து குற்றம் சாட்டிய ஊழியர், அது பொய்யென்று தெரியவந்தால், அதே மேடையிலிருந்து, அதே மக்கள் கேட்கும்படி, அதே அளவு தெளிவாக அதைத் திரும்பப் பெற வேண்டும்.